பாய்லரின் முள் இறங்கும்போது



அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே திருப்பி வைத்தோம். அன்று முதல் லண்டனில் மாலை ஐந்து மணிக்குள் இருள் சூழ்ந்துவிடுகிறது. கோடை முழுவதும் வெந்நீருக்கு மட்டும் உழைத்த பாய்லர்கள் இப்போது வீடு முழுவதையும் சூடாக்கத் தொடங்கியிருக்கின்றன. இந்த நாட்களில்தான் ஏதோ ஒரு காலையில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறோம். அது கல்லைப்போல் குளிர்ந்திருக்கிறது. பாய்லரின் முகப்பில் ஓர் எழுத்தும் எண்ணும் மின்னி மின்னி அணைகின்றன. பல வீடுகளில் இதற்குக் காரணம், உள்ளே சுற்றிவரும் நீரின் அழுத்தம் குறைந்துவிட்டதே.

இந்த வாரம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன். வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது இக்காரியத்தில் இரண்டு விதமான வீட்டாரைக் காண்கிறேன். ஒரு வீட்டார் பாய்லரைத் தொடவே அஞ்சி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று நாட்கணக்கில் காத்திருக்கிறார்கள். மற்றொரு வீட்டார் சனிக்கிழமைதோறும் குழாயைத் திறந்து நீரை ஏற்றிவிட்டு, எல்லாம் சரியாயிற்று என்று நிம்மதி அடைகிறார்கள். முதல் வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியது ஐந்து நிமிட வேலை. இரண்டாம் வீட்டார் கற்றுக்கொள்ள வேண்டியது சற்றுக் கடினமானது: நிரப்புவது வேறு, பழுது பார்ப்பது வேறு. இவ்விரண்டையும் தாண்டி, ஒருவர் வீட்டுக் குளிரை மற்றொருவர் விசாரிக்க வேண்டும் என்பதை நாம் எல்லாரும் சேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

"போதகருக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கக்கூடும். யாக்கோபு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கிரியையில்லாத விசுவாசத்துக்கு அப்போஸ்தலன் காட்டும் உதாரணமே, குளிரிலும் பசியிலும் இருக்கும் சகோதரனுக்கு நல்வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிற மனுஷன்தான். ஆராதனை முடிந்து கைகுலுக்கி, "சுகமாக இருங்கள்" என்று சொல்லி அனுப்பும் ஒரு மூதாட்டி, வீடு திரும்பி உறைபனியில் உட்கார்ந்திருப்பாரானால், அந்த வார்த்தைக்கு என்ன பொருள்? ஆகையால் இதைப் பேசுவது என் ஊழியத்துக்குப் புறம்பான காரியம் என்று நான் நினைக்கவில்லை.

முதலில், அந்தப் பெட்டிக்குள் நடப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்வோம். அறியாத காரியத்துக்குத்தான் மனம் அதிகமாய் அஞ்சும்.

நம்மில் பெரும்பாலோர் வீட்டில் இருப்பது காம்பி பாய்லர். அதில் சூடாகும் நீர், குழாய்கள் வழியே ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் சென்று, குளிர்ந்து, மீண்டும் பாய்லருக்கே திரும்புகிறது. குளியலறைக் குழாயில் வரும் வெந்நீர் வேறு, இந்த நீர் வேறு. இது மூடிய வட்டத்துக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும் நீர். அந்த வட்டம் முழுவதும் நீரால் நிறைந்திருக்க, சிறிது அழுத்தம் தேவை. ஒரு பார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம். கீழ்த்தளச் சமையலறையில் இருக்கும் பாய்லரிலிருந்து மாடி அறையின் ரேடியேட்டர் வரை நீர் நிறைந்து நிற்க அது போதுமானது.

பாய்லரின் முகப்பிலோ அடியிலோ சிறிய வட்டமான அழுத்தமானி ஒன்று இருக்கும். புதிய பாய்லர்களில் அது எண்ணாகத் திரையில் தெரியும். பாய்லர் குளிர்ந்திருக்கும்போது முள் 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்க வேண்டும். வீடு சூடாகும்போது அது 2 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். சூட்டில் நீர் விரிவடைவதால் அப்படி ஏறுகிறது. குளிர்ந்த நிலையில் 1க்குக் கீழே இறங்கினால் அழுத்தம் குறைவு என்று பொருள். இன்னும் இறங்கினால், நீரில்லாமல் காய்ந்து கெட்டுப்போகாதபடி பாய்லர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். வேலன்ட் பாய்லரில் எஃப் 22 என்றும், ஐடியல் லாஜிக் பாய்லரில் எஃப் 1 என்றும் தெரியும் குறியீடு இதைத்தான் சொல்கிறது. அதைக் கண்டவுடன் பாய்லரே போய்விட்டது, ஆயிரக்கணக்கில் செலவாகப்போகிறது என்று கலங்க வேண்டாம்.

இனி, நிரப்பும் முறை. உங்கள் பாய்லரோடு கொடுக்கப்பட்ட கையேட்டை முதலில் பாருங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் சிறு வேறுபாடு உண்டு. பொதுவான ஒழுங்கு இதுதான். பாய்லரை நிறுத்திவிட்டு அது ஆறும்வரை காத்திருங்கள். சூட்டோடு பார்த்தால் முள் உள்ளதைவிட உயர்வாகக் காட்டும். பிறகு ஃபில்லிங் லூப் என்ற இணைப்பைத் தேடுங்கள். வெள்ளி நிறக் கம்பியால் பின்னப்பட்ட, வளையக்கூடிய ஒரு சிறு குழாய் அது. பெரும்பாலும் பாய்லருக்கு அடியில் இருக்கும். சில வீடுகளில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில் இருக்கும். அதன் ஒரு முனை தெருக்குழாயிலிருந்து வரும் குளிர்ந்த நீரோடும், மறு முனை ரேடியேட்டர் வட்டத்தோடும் சேரும். இரு முனைகளிலும் வால்வு உண்டு. கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. குழாயின் போக்கிலேயே நின்றால் திறந்திருக்கிறது. சில பாய்லர்களில் தனிக் குழாய்க்குப் பதிலாக உள்ளேயே ஒரு நெம்புகோலோ, சாவி செருகும் இடமோ அமைந்திருக்கும்.

குழாயின் இரு முனைகளும் இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வால்வைத் திறந்துவிட்டு, மற்றதை மெல்ல மெல்லத் திறவுங்கள். நீர் ஓடும் ஓசை கேட்கும். கண் முள்ளின்மேலேயே இருக்கட்டும். 1.2, 1.3 என்று வரும்போதே மூடத் தொடங்குங்கள், 1.5ஐத் தாண்ட விடாதீர்கள். இரண்டு வால்வுகளையும் முழுவதுமாக மூடிவிட்டு, சில நிமிடங்கள் நின்று முள் அசையாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். கழற்றக்கூடிய குழாயானால், அதைக் கழற்றி மூடிகளைப் போட்டு வையுங்கள். சில சொட்டு நீர் விழும், ஒரு துணியைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் வட்டத்துக்குள் இருக்கும் அழுக்கு நீர், குடிநீர் வரும் குழாய்க்குள் திரும்பிச் செல்லாதிருக்கவே இந்த ஒழுங்கு. பின்பு பாய்லரை இயக்கி, தேவையானால் ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். தவறுதலாக அதிகம் ஏறிவிட்டால், ஒரு ரேடியேட்டரின் மேல்முனையில் இருக்கும் சிறு திருகைச் சாவியால் இளக்கி, கிண்ணத்தில் கொஞ்சம் நீரை விட்டால் முள் இறங்கும்.

இவ்வளவுதான் வேலை. "கேஸ் சம்பந்தப்பட்டது, நாம் தொடவே கூடாது" என்று சொல்கிறவர்களின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த வேலையில் நாம் தொடுவது நீர் வரும் வழியை மட்டுமே. பாய்லர் செய்கிறவர்களே இதை வீட்டுக்காரருக்கான கையேட்டில் எழுதித் தருகிறார்கள். பாய்லரின் மூடியைக் கழற்றுவது முற்றிலும் வேறு காரியம். அது நம் வேலை அல்ல. கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இந்நாட்டில் கோர்கி பதிவுக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது இந்தப் பதிவுதான். வருகிறவர் நம் ஊர்க்காரராக இருந்தாலும், சபைக்கு வருகிறவராக இருந்தாலும், அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. நேர்மையான தொழிலாளி மகிழ்ச்சியோடு காட்டுவார்.

மாடத்தில் சிறு நீர்த்தொட்டியோடு இருக்கும் பழைய வகை அமைப்பு சில வீடுகளில் இன்னும் உண்டு. அதில் தொட்டியிலிருந்தே நீர் தானாக இறங்கி நிரம்பும்; ஃபில்லிங் லூப் இராது. அப்படிப்பட்ட வீட்டார் இல்லாத குழாயைத் தேடிக் களைப்படைய வேண்டாம். கடும் உறைபனி நாளில் பாய்லர் நின்றால் வேறொரு காரணமும் இருக்கலாம். வெளிச்சுவரில் இறங்கும் பிளாஸ்டிக் கழிவுக் குழாயில் நீர் உறைந்திருக்கக்கூடும். முள் சரியான இடத்திலேயே நிற்குமானால் அதைச் சந்தேகியுங்கள். கை எட்டும் இடத்தில் இருந்தால் வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீரை ஊற்றாதீர்கள்.

இப்போது இரண்டாம் வீட்டாரிடம் வருகிறேன். மூடிய வட்டத்துக்குள் இருக்கும் நீர் எங்கே போகும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதுண்டா? ரேடியேட்டரில் சேர்ந்த காற்றை வெளியேற்றியிருந்தால் அழுத்தம் குறைவது இயல்பு. ஆண்டுக்கு ஓரிரு முறை நிரப்ப நேர்ந்தால் அதுவும் பெரிய காரியம் அல்ல. ஆனால் மாதந்தோறும் நிரப்புகிறீர்கள், இப்போது வாரந்தோறும் நிரப்புகிறீர்கள் என்றால், எங்கேயோ நீர் வெளியேறிக்கொண்டிருக்கிறது. வேறு விளக்கம் இல்லை.

அது எங்கே என்று நீங்களே ஓரளவு தேடலாம். ஒவ்வொரு ரேடியேட்டரின் கீழ் மூலையிலும் உள்ள வால்வின் அடியில் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்து, மறுநாள் ஈரமா என்று பாருங்கள். கார்ப்பெட்டில் கறை, பச்சை படிந்த செப்பு இணைப்பு, கூரையில் மஞ்சள் வட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள். வீட்டின் வெளிச்சுவரில், பாய்லர் இருக்கும் இடத்துக்கு அருகே, கீழ்நோக்கி வளைந்த ஒரு சிறு செப்புக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் 3 பாரை எட்டினால் பாதுகாப்பு வால்வு திறந்து, அந்த வழியாகத்தான் நீர் வெளியேறும். அந்தக் குழாயின் முனை ஈரமாக இருந்தாலோ, சுவரில் நீர் வடிந்த தடம் இருந்தாலோ, உங்கள் நீர் போகும் வழி அதுவே.

அங்கே நீர் போவதற்குப் பெரும்பாலும் காரணம் விரிவுக்கலன் என்ற உறுப்பு. நீர் சூடாகும்போது நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு விரிவடைகிறது. 100 லிட்டர் நீர் சுற்றும் வீட்டில் 3 லிட்டர் அளவுக்கு இடம் தேவை. அந்த இடத்தைத் தருவதற்காகவே ஒரு கலனுக்குள் ரப்பர் படலத்தின் ஒரு பக்கம் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள். காலம் செல்லச் செல்ல, சைக்கிள் டயரில் குறைவதுபோல் அந்தக் காற்று குறைந்துவிடும். அப்போது விரியும் நீருக்கு இடமில்லை. முள் விர்ரென்று 3க்கு ஏறும், வால்வு திறக்கும், நீர் வெளியேறும். பாய்லர் ஆறியதும் முள் பூஜ்யத்துக்கு அருகே வந்து நிற்கும். நாமோ மறுபடியும் நிரப்புகிறோம். அது மறுபடியும் வெளியேற்றுகிறது. கலனுக்குள் காற்றைத் திரும்ப ஏற்றினாலோ, கலனை மாற்றினாலோ இந்தச் சுழற்சி நின்றுவிடும். எத்தனை சனிக்கிழமை நிரப்பினாலும் அது நிற்காது.

"தண்ணீர்தானே போதகரே, அதற்கு என்ன பெரிய செலவு?" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செலவு தண்ணீரில் இல்லை. மூடிய வட்டத்தில் பழகிப்போன நீரில் ஆக்சிஜன் தீர்ந்து போயிருக்கும். ஆகையால் அது இரும்பை அதிகம் அரிக்காது. புதிதாக நாம் ஏற்றும் ஒவ்வொரு குடம் நீரும் புதிய ஆக்சிஜனோடு வருகிறது. அது ரேடியேட்டரின் உட்சுவரைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு கரிய சேறாகி அடியில் படிகிறது; ரேடியேட்டரின் மேற்பகுதி சூடாகவும் அடிப்பகுதி குளிர்ந்தும் இருப்பது அந்தச் சேற்றின் அடையாளம். பம்பும் வெப்பமாற்றியும் அதனால் அடைபடும். துருவைத் தடுப்பதற்காக நீரில் கலந்து வைத்திருக்கும் இன்ஹிபிட்டர் மருந்தும் ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் நீர்த்துப் போகிறது. லண்டன் நீர் சுண்ணாம்பு மிகுந்தது. அதுவும் உள்ளே படியும். இதனிடையே, தரைக்கு அடியில் கசிவு இருக்குமானால், பலகையும் சுவரும் நமக்குத் தெரியாமல் ஊறிக்கொண்டிருக்கும். சிறு செலவில் தீர வேண்டிய பழுது, நம் வாராந்தர நிம்மதியால் பெரும் செலவாக வளர்கிறது.

ஆகவே சபையாருக்கு நான் சொல்லும் ஆலோசனை மிக எளியது. பாய்லருக்கு அருகே ஒரு தாளை ஒட்டி வையுங்கள். நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதியையும், முள் எங்கே இருந்தது, எதுவரை ஏற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும்; "போன மாதம் ஒரு முறை நிரப்பினேன்" என்று அது சொல்லும். தாள் அப்படிப் பேசாது. மூன்று தேதிகள் நெருங்கி வருவதைக் கண்டால், நான்காவது முறை நிரப்புமுன் இன்ஜினியரை அழையுங்கள். அந்தத் தாளை அவரிடம் காட்டினால் அவருடைய வேலையும் சுலபமாகும். சில வீட்டுக் காப்பீடுகளில் மறைந்த கசிவைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவும் அடங்கும்; உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யவும், படிக்கவும் சமீப காலத்தில் வந்த பலர் நம் நடுவில் இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் கோபிப்பாரோ, வீட்டை விட்டுப் போகச் சொல்வாரோ என்று அஞ்சி, பாய்லர் நின்றதைச் சொல்லாமலே இருக்கிறீர்கள். ஏழு ஆண்டுகளுக்குக் குறைந்த வாடகை ஒப்பந்தங்களில், வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று 1985ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை கேஸ் பாதுகாப்புச் சோதனை நடத்தி, அதன் நகலை உங்களுக்குத் தர வேண்டியதும் அவர் கடமையே. தேதியோடும் படத்தோடும் எழுத்து மூலமாகத் தெரிவியுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள். பதில் வராவிட்டால் உள்ளூர் கவுன்சிலின் சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவை அணுகலாம். தனியே போகத் தயங்கினால் சபையின் மூப்பர் ஒருவர் உங்களோடு வருவார்.

அதே ஆலயத்தில், அதே வரிசைகளில், வீடுகளை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரரும் இருக்கிறீர்கள். உங்களுக்கும் அன்போடு சொல்கிறேன். பாய்லர் நின்றது என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரு காணொளியை அனுப்பி, "இதைப் பார்த்து நிரப்பிக்கொள்" என்று சொல்வது முதல் முறை உதவியாக இருக்கலாம். ஐந்தாம் முறையும் அதையே சொன்னால், நாம் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம். இரவு வேலை முடித்துக் காலையில் திரும்பும் பெண், குளிர்ந்த அறையில் கோட்டோடு படுத்துறங்குகிறாள். அவள் தரும் வாடகையிலிருந்து நாம் காணிக்கை போடுகிறோம். இது கடுமையான சொல் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருப்பது அன்பாகாது.

கடைசியாக நம் முதியவர்கள். பனிக்காலத்தில் வீடு குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள பொதுச் சுகாதாரத் துறையின் ஆலோசனை. குளிர் முதியவர்களுக்கு வெறும் அசௌகரியம் அன்று. இருதயத்தையும் நுரையீரலையும் தாக்கி உயிரையே எடுக்கக்கூடியது. அவர்களுடைய பாய்லரோ பல வீடுகளில் உயர்ந்த அலமாரிக்குள் இருக்கிறது. முள்ளின் எண் சிறியது. திரையில் வருவது ஆங்கிலம். நாற்காலியில் ஏறிப் பார்க்கப்போய் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். பிள்ளைகள் வேறு நகரத்தில். "வேலைக்குப் போகிற பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாது" என்ற எண்ணம். தொலைபேசியில் கேட்டால் "நன்றாயிருக்கிறேன்" என்பார்கள். நம் தாய் தந்தையர் அப்படிச் சொல்லியே பழகியவர்கள். ஆகையால் கேட்பது போதாது, போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு முதியவர் வீட்டுக்குச் சென்றால், கோட்டைக் கழற்ற முடிகிறதா என்று கவனியுங்கள். முடியாவிட்டால் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். "அம்மா, பாய்லரை ஒரு தடவை பார்க்கட்டுமா?" என்று அனுமதி கேளுங்கள். அவர்கள் வீட்டுக் காரியத்தில் தலையிடுகிறோமே என்ற தயக்கம் நியாயமானது. அதனால்தான் கேட்டுச் செய்ய வேண்டும். முள் இறங்கியிருந்தால் நிரப்பிக் கொடுங்கள். சரியான நிலையில் நிற்கும் முள்ளைப் படம் எடுத்து, தமிழில் இரண்டு வரி எழுதி, பாய்லருக்கு அருகே ஒட்டுங்கள். தேதியைக் குறியுங்கள். பிறகு கட்டாயம் ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள். முதல் நாள் செய்தது நிரப்புதல். இரண்டாம் முறை போவதே விசாரிப்பு. முள் மீண்டும் இறங்கியிருக்குமானால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அல்லது என்னிடம் சொல்லுங்கள். இன்ஜினியருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், சபையின் உதவி நிதி அதற்கும் பயன்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஓய்வூதிய வயதில் இருப்பவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் மின்சார, கேஸ் நிறுவனங்கள் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு ஒன்றை இலவசமாக வைத்திருக்கின்றன. அவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். கேஸ் வாடை வீசினால் முள்ளைப் பார்க்க வேண்டாம், சுவிட்சைத் தொட வேண்டாம். சன்னலைத் திறந்து, வெளியே வந்து, 0800 111 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பாய்லர் ஓடும்போது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்து, வெளியே போனால் தெளிந்தால், அது வாடையற்ற கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். உடனே வீட்டை விட்டு வெளியேறி உதவி கேளுங்கள். அதற்கான அலாரம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.

அன்பானவர்களே, நம் வாழ்விலும் ஒரு முள் உண்டு. அது இறங்கும்போது ஒரு கூட்டத்துக்கு வந்து, ஒரு பாடலைப் பாடி, நிரம்பிவிட்டோம் என்று வீடு திரும்புகிறோம். அடுத்த வாரம் மீண்டும் வெறுமை. நிரப்பப்படுவது நல்லது, அதற்காகத்தான் கூடிவருகிறோம். ஆனால் கசிவது எங்கே என்று தேவசமூகத்தில் ஒருமுறை உட்கார்ந்து தேடுகிறோமா? மன்னிக்காத ஒரு கசப்பு, யாரிடமும் சொல்லாத ஒரு கடன், ஆண்டுக்கணக்கில் பேசாத ஓர் உடன்பிறப்பு, இவற்றில் எதன் வழியே சமாதானம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று இந்த வாரம் அவரவர் ஆராய்ந்து பார்ப்போமாக.

அதற்கு முன்னால், இன்று மாலையே உங்கள் வீட்டு முள்ளைப் பாருங்கள். பிறகு, தனியாக இருக்கும் ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கர்த்தர் உங்கள் வீடுகளையும், அவற்றில் வாழும் ஒவ்வொருவரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.